பழுதில்லாத தோல்

நிலாக் குடியிருப்பில் பல் தேய்த்து முடிப்பதற்குள் தோல் சோதனையும் முடிந்துவிடும். அங்கே வெயிலை வடிகட்டக் காற்று இல்லை. கூரைக் கண்ணாடி எவ்வளவு தடித்திருந்தாலும் கொஞ்சம் உள்ளே வந்து கடிக்கத்தான் செய்யும். அதனால் வீட்டுக்கு வீடு குளியலறையில் ஒரு நலக்கண்ணாடி. அது முன்னும் பின்னும் மேய்ந்துவிட்டு, "தோல் சுத்தம், ஜெயக்கொடி" என்று சொல்லும். அவளும் வாயில் நுரையோடு தலையாட்டுவாள்.

ஒருநாள் அவள் தலைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்த கணவன் பேச்சிமுத்துவின் கை, காதுக்குப் பின்னால் அப்படியே நின்றது.

"ஏளா, இது என்னது?"

"மச்சமா? அது மறைஞ்சுபோச்சே. கண்ணாடில தெரியக்கூட இல்ல."

"மறையவா? கல்யாணத்தப்ப மிளகு கணக்கா இருந்துச்சு. இப்ப ஓரமெல்லாம் பிசிறடிச்சு, பாதி கருப்பு, பாதி செவப்பு... ரத்தம்லா கசியுது!"

எண்ணெய் வழிய வழிய மருத்துவக் கூடத்துக்கு ஓடினார்கள்.

அங்கிருந்த மருத்துவ எந்திரம் மச்சத்தை உருப்பெருக்கிப் பார்த்தது. "இது புற்றாக இருக்கலாம். இன்றே வெட்டியெடுத்துச் சோதிக்க வேண்டும்."

"செத்துருவேனா?"

"வேர் எவ்வளவு ஆழம் என்று தெரியாமல் சொல்ல முடியாது."

அவள் பேச்சிமுத்துவின் சட்டையைப் பிடித்த பிடியை, மரத்துப்போகும் ஊசி போட்ட பிறகும் விடவில்லை. வெட்டி, தைத்து, முடிவு வரும்வரை இருவருக்கும் பச்சைத் தண்ணீர்கூட இறங்கவில்லை. புற்றுதான். ஆனால் ஆழம் போகவில்லை.

"அந்தக் கண்ணாடி ஏன் வாயே தொறக்கல?" என்று சீறினான் பேச்சிமுத்து.

எந்திரம் கண்ணாடியிடமே விசாரித்துச் சொன்னது: "அதில் முகத்தை அழகாக்கிக் காட்டும் மெருகுத்திரை போட்டிருக்கிறீர்கள். அது முதலில் கரும்புள்ளி, பரு, மச்சம் எல்லாவற்றையும் அழித்துவிடும். மிச்சமிருக்கும் படத்தைத்தான் கண்ணாடி சோதிக்கும்."

ஜெயக்கொடி தலையைக் குனிந்துகொண்டாள். புது வீட்டில் பால் காய்ச்சிய அன்று, படம் எடுக்க அவள் போட்டது. பிறகு அணைக்க மனம் வரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அதை அணைத்தாள். பிறகு தூத்துக்குடியில் இருக்கும் அக்கா சண்முகக்கனியைத் திரையில் அழைத்தாள். காலமெல்லாம் உப்பளத்து வெயிலில் நின்றவள் அக்கா. நடந்ததைச் சொல்லி, காதை மடக்கித் தையலைக் காட்டினாள் ஜெயக்கொடி.

"ஏட்டி, தையல் எங்க? ஒரு கீறலக் காணோம், பளபளன்னுலா இருக்கே!"

ஜெயக்கொடி அக்காவின் முகத்தைப் பார்த்தாள். ஒரு சுருக்கம் இல்லை, ஒரு புள்ளி இல்லை. அடங்கியிருந்த பயம் திரும்பவும் நெஞ்சுக்கு ஏறியது.

"அக்கா, ஒன் திரைல இருக்க மெருகுதான் எல்லாத்தையும் அழிக்குது. அத அணை."

"ஏட்டி, போ! அணைச்சா பேய் கணக்கா இருப்பேன்."

"என் மேல சத்தியமா அணை, அக்கா!"

படம் ஒருமுறை துடித்தது. வெயிலில் வெந்த முகம். மூக்கோரம் பொருக்குத் தட்டிய ஒரு புண்.

"அக்கா, மூக்குல அந்தப் புண்ணு எத்தன நாளா இருக்கு?"

நிலாவிலிருந்து பூமிக்குப் பேச்சு போய்ச் சேர ஒரு மூச்சு நேரம் ஆகும். அதற்குள் அக்காவின் விரல் அவசரமாகப் பொத்தானைத் தொட்டுவிட்டது. பளிங்கு முகம் ஒன்று திரையில் சிரித்தது.

"எந்தப் புண்ணுட்டி?"