பார்த்ததும் தெரிந்த முகம்

காரில் ஏறி உட்கார்ந்த மகளின் முகத்தில் எதுவும் குறைந்ததாக அப்பாவுக்குத் தெரியவில்லை. கண்ணில் சிரிப்பு மட்டும் கொஞ்சம் தாமதமாக வந்து சேர்ந்தது.

விமான நிலையத்தில் பாஸ்போர்ட் படத்தையும் ஆளையும் ஒப்பிட்டுப் பார்க்கும் அதிகாரி அவர். அவருடைய கர்வத்துக்கென்று ஆபீசில் தனியாக ஒரு நாற்காலியே போடலாம். ஒட்டுத்தாடிக்காரனையும் அண்ணன் படத்தோடு வந்த தம்பியையும் பிடித்த கதைகளைக் கேட்டுக் கேட்டு, மச்சினன் வீட்டுப் பக்கம் வருவதையே நிறுத்திவிட்டான். ஆனால் அது சம்பளத்துக்குப் பார்க்கும் கண். அந்நிய முகம் என்றால் காது, மூக்கு, தாடை என்று துண்டு துண்டாக அளக்கும். சொந்த முகத்தை அது பார்ப்பதே இல்லை, பார்த்துவிட்டதாக நினைத்துக்கொள்ளும்.

சற்று முன் பள்ளி வாசலில், ரெயின்கோட்டுக்குள் ஒளிந்த அத்தனை பிள்ளைகளில் ஒன்று ஓடிவந்து அவர் கையைப் பிடித்ததும், காவலாளி கேட்டிருந்தார்.

"உங்க பாப்பாதானே சார்? எதுக்கும் நல்லாப் பாத்துக்குங்க."

"யாருகிட்ட வந்து கேக்குறே? என் பொழப்பே அதுதான்யா!"

காவலாளி சிரிக்கவில்லை.

இப்போது கூரையில் மழை இரைந்தது. வைப்பர் முனகி முனகித் துடைத்தது. ஈரச் சீருடை வாடைக்கு அடியில், வெகுநாள் பூட்டிக்கிடந்த அறையைத் திறந்தது போல் இன்னொரு வாடை மெல்லக் கிளம்பி அவர் பிடரியில் வந்து படிந்தது. பின் சீட்டில் ஏதோ பிசையும் சத்தம். மாவு பிசைவது போல, நிதானமாக.

"என்னடா கண்ணு பண்றே?"

"ஒண்ணுமில்லப்பா."

குரல் சரியாகத்தான் இருந்தது. செல்போன் அடித்தது. ஸ்பீக்கரில் வகுப்பு டீச்சர்.

"சார், இன்னும் எவ்வளவு நேரம்? பாப்பா அழுதுட்டே நிக்கிறா. இந்தா, நீயே பேசும்மா."

"அப்பா... எங்கப்பா இருக்கீங்க?"

அதே குரல்.

பின்னால் பிசைவது நின்றது.

கண்ணாடியைப் பார்க்கக் கூடாது. கூடவே கூடாது.

பார்த்தார்.

மகளின் சீருடை. சொந்தக்காரர்கள் சொல்வது போலவே அம்மாவின் புருவம். அப்பாவின் மூக்கு, அளவு குறைக்காமல். அதற்குக் கீழே வழவழவென்று வெறும் தோல். இரண்டு சின்னக் கைகள் அதைக் கிள்ளி இழுத்தன.

"திரும்பாதீங்கப்பா. வாய் இன்னும் முடியல."