நாலாம் பாதை, பத்தொன்பதாம் கிலோமீற்றர்

கரியர் இல்லாத சைக்கிளைச் சோதிலிங்கம் முதன்முதலில் கண்டது பலெர்மோவில்தான்.

1998 மாசி மாதத்தில் ஒரு மத்தியானம். நகரத்துக்கு மேற்கே, மலையடிவாரத்தில் இருந்த பழைய கல்வீட்டுக்கு வேலை கேட்டு வந்திருந்தான். முற்றத்து எலுமிச்சை மரத்தில் அகலமான ரயர்கள் பூட்டிய ஒரு சைக்கிள் சாத்தியிருந்தது. அதன் பின்பக்கம் மொட்டையாக இருந்தது.

வீட்டுக்காரர் வில்மோட், எழுபது வயது ஆங்கிலேயர். தன் நாட்டின் மேடும் சரிவுமான புல்வெளிகளுக்குள் ஓடும், சரளைக்கல் பரப்பிய கிறவல் பாதைகளை நாற்பது வருடம் சைக்கிளில் அளந்தவர். எந்த வளைவில் படலை, எந்த இறக்கத்தில் கல் பெரிது, எங்கே தண்ணீர் என்று சிறு சிறு புத்தகங்கள் போட்டவர். சிசிலிக்கும் அப்படி ஒன்று எழுத வந்து, மூன்று பாதைகளை முடித்துவிட்டு, நாலாவதுக்கு முன் இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். அவருக்குச் சமைக்கவும் துடைக்கவும் ஓர் ஆள் வேண்டும். நாலாம் பாதையை ஓடி அளக்கவும் வேண்டும்.

"சைக்கிள் ஓடுவாயா?" என்று இத்தாலிய மொழியில் கேட்டார்.

யாழ்ப்பாணத்தானிடம் கேட்கிற கேள்வியா அது? பெற்றோல் இல்லாத அத்தனை வருடங்களும் ஊரே சைக்கிளில் அல்லவா ஓடியது. அரிசி மூட்டையும் நோயாளியும் மணப்பெண்ணும் போனது சைக்கிளில்தான்.

வேலை கிடைத்தது. அந்த வேலையில் எல்லாமே ஒன்றில் ஒன்று தொங்கிக்கொண்டிருந்தன. பாதை முடிந்தால் புத்தகம். புத்தகம் வந்தால் வில்மோட் இங்கேயே தங்குவார். அவர் தங்கினால் வேலைக் கடிதம். கடிதம் இருந்தால்தான் குவெஸ்தூரா என்ற பொலிஸ் கந்தோரில் பெர்மெஸ்ஸோவை, அதாவது வதிவிட அனுமதியை, புதுப்பிப்பார்கள். அதன் பிறகுதான், கொழும்பில் ஒரு லொட்ஜ் அறையில் காத்திருக்கும் மனைவி சிவமலரையும் ஆறு வயது மகள் கிருசாந்தினியையும் கூப்பிட முடியும்.

அன்று மாலையே பல்லாரோ சந்தையில் பழைய இரும்பு விற்பவனிடம் ஒரு கரியர் வாங்கினான். அல்பெர்கேரியா என்ற நெருக்கமான பகுதியில் அவனுடன் ஒரே அறையில் இருந்த மன்னார்க்காரன் வலன்ரைன் அதைப் பூட்டிக் கொடுத்தான்.

"ஆரை ஏத்தப்போறாய்? உன்ரை சிஞ்ஞோரையோ? முறிஞ்ச இடுப்பு ரெண்டாப் போயிடும், பார்."

"கரியர் இல்லாத சைக்கிள் வாலறுந்த மாடு மாதிரி அண்ணை. ஓடவே மனம் வராது."

"மாடு உனக்கு வேலை தருது. வாலைப் பற்றி ஏன் கவலை?" என்று சொல்லிக்கொண்டே வலன்ரைன் கடைசி ஆணியை இறுக்கினான்.

நாலாம் பாதை ஒரு காலத்தில் ரயில் போன வழி. தண்டவாளங்களைக் கழற்றி எடுத்துப் பல வருடங்களாகிவிட்டன. கிறவல் மட்டும் மலைகளைச் சுற்றிச் சுற்றிப் போனது. இருபுறமும் காட்டுச் சோம்பு வாசமும் ஆட்டுப் புழுக்கை நாற்றமும். எங்கோ ஒரு மணி கேட்கும், ஆடு தெரியாது. பத்தொன்பதாம் கிலோமீற்றரில் ரயில் கடவைக்காரன் இருந்த வீடு கூரையில்லாமல் நின்றது. அதையடுத்து ஒரு கல் மதகு. மதகைத் தாண்டினால் பாலம்.

முதல் நாள் அந்த மதகடியில் சைக்கிள் இழுத்தது.

காற்றுப் போய்விட்டதென்று இறங்கி ரயரை அமுக்கிப் பார்த்தான். கல்லுப் போல இருந்தது. ஏறி மிதித்தான். மேடே இல்லாத இடத்தில் மூச்சு வாங்கியது. பாலத்தை மிதித்துக் கடக்க முடியவில்லை. திரும்பிவிட்டான்.

வில்மோட் கைத்தடியை ஊன்றி முற்றத்துக்கு வந்து பின்சில்லைப் பார்த்தார். இரண்டு கம்பிகள் முறிந்திருந்தன.

"யாரையாவது ஏற்றினாயா?"

"இல்லை, சிஞ்ஞோர்."

"இது ஒரு ஆளின் பாரம்" என்றார் அவர். கோபமில்லை. கல்லின் பருமனைச் சொல்கிற அதே குரல்.

இரண்டாம் முறை போனபோது சிறொக்கோ வீசியது. ஆபிரிக்காவிலிருந்து வரும் அந்தச் சூட்டுக் காற்றில் வானம் மஞ்சளாகிவிடும், பல்லுக்குள் மண் நெறுநெறுக்கும். மூன்று வாரமாக மழை இல்லை. மதகடியில் பாரம் ஏறியது. அவன் இறங்காமல், தலையை மட்டும் திருப்பி வந்த வழியைப் பார்த்தான்.

கிறவலில் அவனுடைய ரயர்த் தடம். அதன் இடது பக்கத்தில், மதகிலிருந்து தொடங்கி, கூடவே ஒரு கோடு.

கரியரில் இருப்பவரின் ஒரு கால் தூக்க முடியாமல் நிலத்தில் இழுபட்டால் விழுகிற கோடு.

அந்தக் கோட்டை அவன் அறிவான். கோண்டாவில் ஒழுங்கைகளில் எத்தனை தரம் போட்ட கோடு அது. தங்கச்சி ரதிக்குப் பிறவியிலேயே இடது கால் ஏலாது. "காலைத் தூக்கடி, செருப்புத் தேயுது" என்று முன்னால் இருந்து கத்துவான். அவள் சிரிப்பாள்.

95 ஐப்பசிக் கடைசியில், இராணுவம் நெருங்கிவிட்டதென்று ஊர் முழுவதும் ஒரே இரவில் எழும்பி நடந்தது. மழை. ஒரே தெருவில் இலட்சக்கணக்கான சனம். சைக்கிளின் முன் பாரில் பிள்ளை, கரியரில் மலர். ரதி ஹாண்டிலைப் பிடித்தபடி கெந்திக் கெந்தி வந்தாள். நாவற்குழிப் பாலத்துக்கு இந்தப் பக்கம் அவளால் முடியவில்லை.

"ரதி, இந்த மதகடியிலை இரு. இவையளை அங்காலை விட்டிட்டு வாறன்."

"கெதியா வாங்கோ அண்ணை."

விடிந்த பிறகு, சாவகச்சேரிப் பள்ளிக்கூடம் ஒன்றில் மலரை இருத்திவிட்டு, ரதியைக் கூட்டி வருகிறேன் என்று அவன் புறப்பட்டான். மூன்று மணித்தியாலம் கழித்துத் திரும்பி வந்தான். "மதகடியிலை ஆளில்லை. ஆரும் கூட்டிக்கொண்டு போயிருப்பினம்" என்றான். மலர் அழுதாள், நம்பினாள்.

அவன் போகவில்லை. எதிரே வந்த சனத்தையும், தூரத்தில் விழுந்த ஷெல்லையும் பார்த்தான். இரண்டு தெரு தள்ளி ஒரு வீட்டு மதிலோரம் குந்தியிருந்தான். யாரோ தேத்தண்ணி கொடுத்தார்கள். குடித்தான்.

அதன் பிறகு ரதியை யாரும் காணவில்லை.

இரண்டாம் முறையும் பாலத்தைத் தாண்டாமல்தான் திரும்பியிருந்தான். மூன்றாம் முறை போனது பங்குனிக் கடைசியில். அன்று பாதையை முடிக்காவிட்டால் புத்தகம் இந்த வருடம் வராது என்று வில்மோட் சொல்லிவிட்டார். புத்தகம் இல்லாவிட்டால் வீட்டை விட்டு ஊருக்குப் போய்விடுவாராம்.

கரியரைக் கழற்றிவிட்டுத்தான் போனான்.

அப்படியும் ஏறியது.

நடுப்பகல் வெயில். முதுகில் ஈரம் பட்டது. மழையில் ஊறிய துணியின் வாசம், சேற்று வாசம்.

"அண்ணை, வந்திட்டியளோ?"

அவன் திரும்பவில்லை. பாலம் முன்னால் கிடந்தது. மிதிக்க மிதிக்கச் சில்லு சுற்றவில்லை.

"ரதி... இறங்கம்மா."

பின்னால் மூச்சு மட்டும்.

"மலரும் பிள்ளையும் இன்னும் அங்கைதான் நிக்கினம். அவையளை எடுத்துப்போட்டு வாறன். சத்தியமா உன்னட்டை வாறன்."



"கெதியா வாங்கோ அண்ணை."

பாரம் இறங்கியது. சைக்கிள் பாலத்தில் தானாக ஓடியது. மறுகரைக்கு வந்த பிறகுதான், தான் சொன்னது பழைய அதே சொல் என்பது அவனுக்கு உறைத்தது. அவன் நிற்கவில்லை. மிச்சப் பத்தொன்பது கிலோமீற்றரையும் அளந்து எழுதினான். வீடு திரும்பியது தார் ரோட்டால்.

புத்தகம் வந்தது. கடிதம் வந்தது. பெர்மெஸ்ஸோவும் வந்தது. வில்மோட் சைக்கிளை அவனுக்கே கொடுத்தார். நாலாம் பாதைப் பக்கம் அவன் பிறகு போகவேயில்லை. ஒவ்வொரு ஞாயிறும் போக நினைப்பான். ஒவ்வொரு ஞாயிறும் ஏதோ ஒரு வேலை வந்துவிடும்.

புரட்டாதியில் மலரும் பிள்ளையும் வந்து இறங்கினார்கள். விமான நிலையத்தில் மலர் அவன் கையைப் பிடித்தவள் விடவேயில்லை. கிருசாந்தினி இடது காலை இழுத்து இழுத்து நடந்தாள்.

"பிள்ளைக்கு என்ன?"

"கொழும்பிலை ஏறினதிலை இருந்து கால் விறைக்குதாம். மடியிலை ஆரோ இருக்கிற மாதிரிப் பாரமாம். பிளேனிலை நெருக்கம்தானே, சரியாயிடும்" என்றாள் மலர்.

அடுத்த ஞாயிறு காலை படியிறங்கியபோது சைக்கிளுக்குக் கரியர் பூட்டியிருந்தது. வலன்ரைன் பக்கத்தில் நின்று கையைத் துடைத்தான்.

"மூலையிலை கிடந்துது, எடுத்துப் பூட்டினன். பிள்ளை வந்திட்டுதெல்லே, இனி வால் வேணும்."

சோதிலிங்கம் கரியரில் கை படாமல் ஹாண்டிலைப் பிடித்துச் சைக்கிளைத் தெருவுக்கு இறக்கினான்.

கடலோரத்தில் கிறவல் பரப்பிய திடல் ஒன்று இருந்தது. மூன்று பேரும் சைக்கிளை உருட்டிக்கொண்டு அங்கே போனார்கள். காற்றே இல்லாத, நல்ல வெளிச்சமான காலை.

"ஏறு பிள்ளை" என்றான் சோதிலிங்கம்.

கிருசாந்தினி கரியரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு முன்னால் வந்து பாரைத் தொட்டாள்.

"இதிலை ஏத்துங்கோ அப்பா. பின்னாலை இடமில்லை."

மலர் சிரித்தாள். அந்தச் சிரிப்பு பாதியில் நின்றது. கரியர்க் கம்பியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. ஒரு சொட்டு, பிறகு இன்னொரு சொட்டு. அவள் விரலால் தொட்டு முகர்ந்தாள். மழைச் சேற்று வாசம். திரும்பி, அவர்கள் வந்த வழியைப் பார்த்தாள். கிறவலில் உருட்டி வந்த ரயரின் தடம். அதன் இடது பக்கத்தில், திடலின் விளிம்பிலிருந்தே, ஒரு கோடு.



"ஏனப்பா," என்றாள் மலர் மெதுவாக. "அண்டைக்கு நீங்கள் மதகடிக்குத் திரும்பிப் போனனீங்கள்தானே?"

"ஓம்" என்றான்.

யாரும் ஏறாத சைக்கிளின் பின்சில்லு மெல்லக் கிறவலுக்குள் அமிழ்ந்தது.