இரண்டு விரல் இடைவெளி

காலை 10:10. காரின் டாஷ்போர்டு அறை காலி. இருபத்திரண்டு வருடச் சர்வீஸ் புத்தகத்தைக் காணவில்லை.

"அது இல்லாட்டி பாதி விலைதாம்மா," என்றார் புரோக்கர். "ஷோரூம் வாசலைத் தாண்டின அன்னிக்கே கொஞ்சம் மதிப்பு போச்சு. அப்புறம் வருஷா வருஷம் தேய்மானம். ஒழுங்காப் பராமரிச்ச வண்டின்னு சொல்ல அந்தப் புத்தகம்தான் சாட்சி. பின் சீட்டுல கறை வேற!"

"அது என் மகன் சின்ன வயசுல வாந்தி எடுத்தது," என்றாள் வீட்டுக்காரி. "பாதி விலைக்கு விக்கமாட்டேன். என் வீட்டுக்காரர் இருந்தவரைக்கும் தினம் துடைச்சு வெச்ச வண்டி."

10:20. எதிர்வீட்டு அக்கா வந்தார். முப்பது வருடம் இன்சூரன்ஸ் சர்வேயராக இருந்தவர். காரை ஒருமுறை சுற்றிவந்தார். பின்னால் இடது கண்ணாடி மட்டும் இரண்டு விரல் இறங்கியிருந்தது.

"புத்தகத்தை எப்போ பார்த்தே?"

"ஒன்பது மணிக்கு. வண்டியைக் கழுவி, கண்ணாடியெல்லாம் ஏத்திட்டுத்தான் உள்ளே போனேன்."

வண்டியைச் சரிபார்க்க வந்து பானெட் பக்கம் நின்ற மெக்கானிக்கைப் புரோக்கர் கைகாட்டினார். "இவரும் இந்த வண்டியை விலைக்குக் கேட்டாராமே? விலை குறைஞ்சா யாருக்கு லாபம்?"

மெக்கானிக்கின் முகம் சுண்டிப்போனது. "இருபத்திரண்டு வருஷமா என் கையால பார்த்த வண்டி சார். பானெட்டைத் தவிர எதையும் தொடல."

"நீங்க?" என்று அக்கா புரோக்கரைக் கேட்டார்.

"டிரைவர் சீட்டுல உட்கார்ந்து மீட்டர் பார்த்தேன். அவ்வளவுதான்."

வாசலில் நின்ற வீட்டுக்காரியின் மகனிடம் அக்கா திரும்பினார். "தம்பி, நீ?"

"வண்டிப் பக்கமே போகல அத்தை. விக்கலாம்னு சொன்னதே நான்தானே!"

"திருட வந்தவன் முன்கதவைத் திறப்பான், எடுப்பான், போவான். பின் சீட்டுல உட்கார்ந்து எதுக்குக் கண்ணாடியை இறக்கணும்? வாந்தி வர்ற பிள்ளைக்குத்தான் காத்து வேணும். நிக்கிற வண்டியிலயும் கை பழக்கத்துல போயிருக்கு. புத்தகத்தைக் கொண்டா. பாவம், அந்த மனுஷன் மேல பழி விழுது."

அவன் தலைகுனிந்து சட்டைக்குள்ளிருந்து புத்தகத்தை எடுத்தான். "மன்னிச்சிடுங்கண்ணே," என்றான் மெக்கானிக்கிடம். "சும்மா ஒருதரம் புரட்டலாம்னு உட்கார்ந்தேன். பக்கத்துக்குப் பக்கம் அப்பா கையெழுத்து. நானே விக்கச் சொல்லிட்டு, வேண்டாம்னு எந்த முகத்தோட சொல்றது? விலை குறைஞ்சா அம்மா தரமாட்டாங்கன்னு..."

"ரெண்டு விரல்," என்றாள் அம்மா, கண்ணாடியைத் தடவி. "உங்கப்பா விரலை வெச்சு அளந்துதான் இறக்குவார்."

புரோக்கர் கனைத்தார். "புத்தகம்தான் கிடைச்சாச்சே. முழு விலையே பேசலாமா?"

அம்மா காதில் வாங்கவில்லை. இடது பின்கதவைத் திறந்து ஏறி, கறையை ஒட்டி உட்கார்ந்தாள்.

"வண்டியை எடுடா. கண்ணாடி அப்படியே இருக்கட்டும்."