தொடங்கி வைக்காத ஆம்புலன்ஸ்

செவ்வாய்க் கிரகத்துச் செங்குழி நகரில் காலையில் எழுந்ததும் முதல் வேலை, செயற்கை நுரையீரலைக் கழற்றித் தூசி தட்டி மாட்டிக்கொள்வது. பல் விளக்குவதெல்லாம் அப்புறம்தான். அன்று பரிதியும் தட்டி மாட்டினான், அது ஓடவில்லை. அவசரக் காற்றுப்பை கொஞ்ச நேரம் தாங்கும். அதற்குள் மேட்டு மருத்துவமனைக்குப் போயாக வேண்டும்.

அவன் மனைவி நிறைமதிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பழைய ஆம்புலன்ஸ்கள் அந்த ஏற்றத்தில் படுத்துவிடும் என்பது என்ஜின் வடிவமைக்கும் அவளைவிட யாருக்குத் தெரியும்? அங்கே காற்று மெலிது. டர்போ சுழன்று காற்றை அழுத்தி ஊட்டினால்தான் என்ஜினுக்குத் தெம்பு. வளைவில் வேகம் குறைந்தால் டர்போவும் தளர்ந்துவிடும். எவ்வளவு மிதித்தாலும் அது மறுபடி வேகம் பிடிப்பதற்குள் வண்டி பின்னால் சறுக்கிவிடும். அந்தத் தாமதத்தை ஒழிக்கத்தான் அவள் வருடக்கணக்காக மாரடித்தாள்.

கடைசியில் கைகொடுத்தது ஒரு சமையலறை யோசனை. எட்டு அடுப்பையும் சிம்மில் வைக்காமல் இரண்டை மட்டும் முழுத் தீயில் எரிப்பது. மெதுவாகப் போகும்போதும், என்ஜினின் எட்டு சிலிண்டர்களில் முழுதாக எரியும் அந்த இரண்டின் சூடான புகை டர்போவைத் தளரவிடாது. மிதித்த கணமே எட்டும் பற்றிக்கொள்ளும். மாறுதீ என்ஜின் என்று பெயர் வைத்தாள்.

அந்த என்ஜின் பொருத்திய ஆம்புலன்ஸ் அவள் தெருமுனையிலேயே நின்றது. குறுக்கே ரிப்பன் கட்டி, மூன்று மாதமாக.

நகரத் தலைவர் ஓர் எந்திரம். லஞ்சம் வாங்காது, பொய் சொல்லாது. ஆனால் விழா நடத்தக் கற்றுக்கொண்டது நம் பூமியின் பழைய ஒளிப்பதிவுகளைப் பார்த்து. 'தொடங்கி வைக்கிறேன்' என்று அது சொன்னால்தான் என்ஜினுக்குள் இருக்கும் பூட்டுத் திறக்கும். அழைப்பிதழில் நிறைமதியின் பெயர் ஐந்தாவதாக வந்திருந்தது. உழைத்தவள் நான், எவனெவனோ எனக்கு முன்னாலா என்று கொதித்து விழாவை நிறுத்தியவள் அவளேதான். பெயரை முதலில் போட்டார்கள். பட்டங்கள் போதவில்லை என்று மறுபடியும் நிறுத்தினாள்.

இப்போது பரிதியை அந்த வண்டியிலேயே கிடத்திவிட்டுத் தலைவரை அழைத்துக் கதறினாள். "பூட்டை மட்டும் திறந்துவிடுங்க. உங்க கால்ல விழறேன்."

தலைவர் உடனே இரங்கியது. "பதறாதீங்கம்மா. விழாவை இப்பவே ஆரம்பிச்சிடலாம்."

வண்டியின் ஒலிபெருக்கி கரகரத்தது. வாழ்த்துப்பா முடிந்து வரவேற்புரை தொடங்கியது. அவள் கேட்டபடியே அவள் பெயர்தான் முதலில் வந்தது. என்ஜின் அரசி, ஏற்றம் வென்ற வீராங்கனை, செவ்வாயின் செல்வத் திருமகள்... காற்றுப்பை சுருங்கிக்கொண்டே வந்தது.

"என் பேரே வேணாம். எடுத்துடுங்க."

"திருத்தம்னா மறுபடி தேதி குறிக்கணுமேம்மா. பரவாயில்லையா?"

வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பட்டங்கள் முடியவில்லை. கேட்டு வாங்கியவை எல்லாம் வரிசையாக வந்தன. பரிதி அவள் விரல்களை இறுக்கிப் பிடித்திருந்தான், பிறகு பிடிக்கவில்லை.

கடைசியில் தலைவர் தொடங்கி வைத்தது. ரிப்பனை அறுத்துக்கொண்டு வண்டி பாய்ந்தது. வளைவில் அவள் மிதித்ததும் எட்டு சிலிண்டரும் ஒன்றாகப் பற்றின. துளியும் தாமதமில்லை.

மருத்துவமனை வாசலில் வண்டி நின்றபோது ஒலிபெருக்கி பணிவாகக் கேட்டது. "நன்றியுரை நீங்கதானேம்மா?"