பின்சீட்டுக் கனம்

பின்சீட்டில் யாரும் உட்காராத பக்கத்துக்குத்தான் பெல்ட் மணி அடித்தது.

டிங். டிங். டிங். ஸ்டியரிங்குக்குப் பின்னால் அந்த இருக்கைக்கான சிவப்புப் புள்ளி விட்டுவிட்டு எரிந்தது. அவள் திரும்பிப் பார்த்தாள். கணவனுக்குப் பின்னால் மகள் பெல்ட் போட்டபடியே தூங்கிக்கொண்டிருந்தாள். அவளுக்கான புள்ளி பச்சை. மறுபக்கம் வெறும் இருக்கை.

"உன் பையை அங்க வச்சிருக்கியா?"

"என் காலடியில இருக்கு."

"அப்ப சென்சார் போயிருக்கும்."

அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சற்று முன்புதான், கூரை சரிந்த ஒரு பேருந்து நிழற்குடை அருகே மகளுக்கு ஒன்றுக்கு வருகிறதென்று வண்டியை நிறுத்தியிருந்தார்கள். அவன் அண்ணனுடன் போனில் பேசி முடிக்கும்வரை காலி இருக்கைப் பக்கத்துக் கதவு திறந்தே கிடந்தது. கிளம்பியதிலிருந்து இந்த மணி.

"ஓரமா நிறுத்திப் பாருங்களேன்."

"அண்ணன் சாப்பிடாமக் காத்துட்டு இருக்காரு."

"உங்க அண்ணன் வயிறு கத்தினா மட்டும் உங்களுக்குக் காது கேக்கும்."

அண்ணன் வீட்டுக்கு வரவே அவளுக்கு இஷ்டமில்லை. மருந்துக் கம்பெனியில் தூளை நிறுத்துத் தருவது அவள் வேலை. போன தடவை ஓரகத்தி மகளை இடுப்பில் தூக்கி, "பஞ்சு மூட்டை இதைவிடக் கனக்கும்! மருந்தை நிறுக்கிற மாதிரி பிள்ளைக்குச் சோத்தையும் நிறுத்துத்தான் போடுறியா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டாள். கூடமே சிரித்தது. அவனும் சிரித்தான். அந்தச் சிரிப்பு அவள் தொண்டையில் மீன்முள்ளாக இன்னும் நின்றது.

டிங். டிங். டிங்.

வெயில் தணிந்து, இருபுறமும் மரங்கள் நெருங்கி, சன்னல் வழியே காய்ந்த புல்லின் வாசனை வந்துகொண்டிருக்க, வண்டிக்குள் மட்டும் நெடுநாள் மூடிக்கிடந்த கிணற்றைத் திறந்ததுபோல ஒரு பாசி வாடை ஏறியது. அவளுக்குக் கோபம் தலைக்கேறியது. தன் பெல்ட்டைக் கழற்றி, இரு இருக்கைகளுக்கு நடுவே எக்கி, காலி இருக்கையின் பெல்ட்டை வெடுக்கென்று இழுத்தாள்.

"யாரா இருந்தாலும் சரி, உக்காந்து தொலை. வாயை மூடிட்டு வா."

க்ளிக்.

மணி நின்றது. புள்ளி பச்சையானது.

"நல்லா பேசினே, போ," என்று அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. தளர்ந்து கிடக்க வேண்டிய பெல்ட், நடுவில் எதன் மேலோ வளைந்து நின்றது.

மூச்சுச் சத்தம் கேட்டது. மகளுடையது. அதன் பின்னாலேயே, அரை நொடி தாமதமாக, இன்னொன்று.

"வண்டியை நிறுத்துங்க."

"வந்தாச்சு. அங்க வந்தும் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்காதே."

"நிறுத்துங்கன்னு சொல்றேன்ல! ஒரு தடவை திரும்பிப் பாருங்க!"

அவன் பார்க்கவில்லை. இப்போது ஒரே ஒரு மூச்சுதான் கேட்டது.

மகளின் பச்சைப் புள்ளி அணைந்தது. சிவப்பாக மாறவில்லை. அணைந்தது. அந்த இருக்கையில் யாருமே இல்லை என்றது வண்டி.

மகள் அங்கேதான் இருந்தாள். அவளுக்குக் கீழே மெத்தை பள்ளமாகவில்லை. பக்கத்து மெத்தை ஆழமாக அமுங்கியிருந்தது.

எடை எங்கும் தொலைந்து போகாது. இடம் மாறும். தினமும் தராசில் அவள் பார்க்கிற விஷயம்.

வீட்டு வாசலில் வண்டி நின்றதும் பாய்ந்து இறங்கினாள். மகளின் பெல்ட்டைக் கழற்றி வாரி எடுத்தாள். கை விருட்டென்று மேலே போனது. கொடியிலிருந்து எடுத்த சட்டையின் கனம். அவ்வளவுதான். மகளின் கண்கள் திறந்திருந்தன. வாய் 'அம்மா' என்று அசைந்தது. சத்தம் வரவில்லை.

வாசலுக்கு வந்த ஓரகத்தி மறுபக்கக் கதவைத் திறந்தாள். குனிந்து, பெல்ட்டைக் கழற்றி, இரண்டு கைகளாலும் எதையோ தூக்கினாள். அவள் முழங்கால் மடங்கியது. முக்கி முனகி, இடுப்பில் ஏற்றிக்கொண்டாள். இடுப்பில் ஒன்றுமில்லை. ஆனால் புடவை அங்கே நசுங்கியிருந்தது.

"அடேயப்பா! இப்பதான் பிள்ளை பிள்ளையா இருக்கா. என்னா கனம்!"

"பாத்தியா? அண்ணியே சொல்லிட்டாங்க," என்றான் கணவன். அந்த வெறுமையின் தலையைக் கோதிவிட்டான். கோதிய விரல்களில் பாசி ஒட்டியிருந்தது.

"அது நம்ம பிள்ளை இல்ல! இவ இங்க இருக்கா! திரும்புங்க!"

பேசிச் சிரித்தபடி உள்ளே போனார்கள். அவன் திரும்பவில்லை. கதவு சாத்திக்கொண்டது.

காற்று அடித்தது. மகள் அவள் கையிலிருந்து மெல்ல மேலெழுந்தாள். மார்பு. தோள். தலைக்கு மேல். அவள் எட்டிப் பிடித்தாள். கையில் ஒரு கணுக்கால் மட்டும் சிக்கியது.