தூண்களுக்கு முன்னால் ஒரு ஜோடி செருப்பு

"அஞ்சு நிமிஷம்தான். நாலு மணிக்குக் கப்பல். ஒருத்தருக்காக இருபத்தஞ்சு பேரைக் காக்க வைக்க முடியாது," என்றார் டூர் மேனேஜர் தினகர்.

அந்த ஒருத்தர் பெயர் தனுஷ்கோடி. சிவகாசியில் காலண்டர் அச்சடிப்பவர். கிரேக்க நாட்டின் ஒரு குட்டித் தீவில், மலைமேல் இருக்கும் பழைய நகரத்தின் இடிபாடுகளுக்குள் எங்கேயோ அவர் காணாமல் போய் ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. மூன்று மணிக்கு வாசலைப் பூட்டிவிடுவார்கள். அப்போது மணி இரண்டரை.

"அஞ்சு நிமிஷத்துல கொடியை வேணா மடிக்கலாம் சார். எங்கப்பாவைக் கண்டுபிடிக்க முடியாது," என்றாள் நன்முல்லை. அவருடைய மகள். தொல்லியல் படிக்கிறாள். இந்தப் பயணமே அவள் பிடிவாதத்தால் வந்தது.

தினகர் கையில் இருந்த மஞ்சள் கொடியைப் பார்த்துக்கொண்டார். அவருக்கு ஊரும் தெரியாது, கல்லும் தெரியாது. கொடி பிடிக்கத் தெரியும், தலை எண்ணத் தெரியும். இன்றைக்கு அதுவும் ஒன்று குறைந்தது.

தனுஷ்கோடியைப் பற்றியும் நல்லதாகச் சொல்ல அதிகம் இல்லை. காலையில் அருங்காட்சியகத்தை ஒன்பது நிமிடத்தில் முடித்துவிட்டு வெளியே வந்தார். "மூக்கு இல்ல, கை இல்ல, துணியும் இல்ல. இதைக் காலண்டர்ல போட்டா எவன் வாங்குவான்?" என்றார். மகள் அங்கே ஒரு சின்னப் புட்டித் தேன் வாங்கியதைப் பார்த்து, "சர்க்கரைப் பாகுக்கு லேபிள் ஒட்டித் தர்றான், நீயும் வாங்குற," என்றார். அவரோடு வந்தவர்கள் மட்டும் ஒழுங்கா என்றால் அதுவும் இல்லை. கற்களைப் பார்த்தவர்கள் நாலு பேர். மற்றவர்கள் கற்களுக்கு முதுகைக் காட்டி நின்று, கைப்பேசியில் தங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதற்கு இவ்வளவு தூரம் வந்திருக்க வேண்டாம்.

ஆனால் விஷயம் விளையாட்டாக இல்லை. தனுஷ்கோடிக்குச் சர்க்கரை நோய். பன்னிரண்டரை மணிக்குச் சாப்பாட்டுக்கு முன்னால் இன்சுலின் போட்டுக்கொண்டார். பிறகு தட்டு வந்தது. தட்டில் வெள்ளைப் பாலாடைக்கட்டியும் ஆலிவ் காயும் இருந்தன. "இதை மனுஷன் தின்பானா?" என்று தள்ளிவிட்டு எழுந்துவிட்டார். ஊசி உள்ளே போய்விட்டது, சோறு போகவில்லை. இந்த வெயிலில் சர்க்கரை இறங்கி எங்கேயாவது மயங்கி விழுந்தால் எழுப்ப ஆள் இல்லை.

"வாங்க மாமா," என்று நன்முல்லை மலைப்பாதையில் ஏறினாள். மாமா செல்லையா, அவள் அம்மாவின் தம்பி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்னால் ஓடினார். கிரேக்க நாட்டுக்கு வேட்டி கட்டிக்கொண்டு வந்த ஒரே ஆள் அவர்தான். மானம் போகிறது என்று தினகர் மூன்று நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். காவலாளி நிக்கோஸும் கூட ஏறினான். மேலே போவது இப்போது தடை என்று தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டே ஏறினான். ஆனால் அவர்களைத் தடுக்கவில்லை.

உச்சியில் ஒரு கோயில் நின்றது. கூரை கிடையாது. ஏழு தூண்கள், வடக்கே பாதிச் சுவர், கிழக்கே அகலமான படிகள். நன்முல்லை படியருகே போனதும் நின்றுவிட்டாள். முதல் படியின் ஓரத்தில் ஒரு ஜோடி தோல் செருப்பு, யார் காலிலும் படாதபடி ஒதுக்கி வைத்திருந்தது.

"அத்தான் செருப்புதான். குதி தேஞ்சிருக்கு பாரு," என்றார் செல்லையா.

நிக்கோஸின் முகம் தெளிந்தது. படிக்குப் பக்கத்திலிருந்து ஓர் ஒற்றையடிப் பாதை கடலுக்கு இறங்குகிறது. செருப்பைக் கழற்றி வைத்தவன் குளிக்கப் போயிருக்கிறான் என்றான். கோடையில் எல்லோரும் செய்வதுதானாம். மூச்சு வாங்க அங்கே வந்து சேர்ந்த தினகருக்கு இது மிகவும் பிடித்துப்போயிற்று.

"அப்பவே நெனச்சேன். ஜாலியா குளிச்சிட்டு இருப்பாரு. வாங்க, கடற்கரைக்குப் போவோம். அப்படியே கப்பலுக்கும் பக்கம்."

"இல்ல," என்றாள் நன்முல்லை.

"என்னம்மா இல்ல?"

"அவர் குளிக்கக் கழட்டல. கோயில்னு கழட்டிருக்காரு."

செல்லையாவே சிரித்துவிட்டார். "யாரு, உங்கப்பாவா? இதுக்குப் பேரு இடிஞ்ச சுவருன்னு கீழ நின்னு சொன்ன மனுஷன்."

"வாய் சொல்லுச்சு மாமா. கோயில் படியைப் பார்த்ததும் கால் பழக்கத்துல கழட்டிருச்சு. கழட்டினவர் அடுத்து என்ன செய்வாரு?"

செல்லையா சிரிப்பை நிறுத்தினார். "சுத்தி வருவாரு."

"எந்தப் பக்கமா?"

இதற்குப் பதில் சொல்ல அவருக்கு யோசனை தேவைப்படவில்லை. கை தானாக இடது பக்கம் நீண்டது. கோயில் வலக்கைப் பக்கம் இருக்க, தெற்கே தொடங்கி, மேற்கே திரும்பி, வடக்கு வழியாக வர வேண்டும். இருவரும் அப்படியே ஓட, நிக்கோஸும் தினகரும் பின்னால் வந்தார்கள்.

தெற்குப் பக்கப் பளிங்குத் தரை வெயிலில் கொதித்தது. செருப்புக்குள்ளேயே சூடு தெரிந்தது. வெறுங்காலோடு வந்தவர் இங்கே துள்ளியிருப்பார். மேற்கிலும் நிழல் இல்லை. திரும்பினால் வடக்குச் சுவரின் நிழல் ஒரு பட்டையாக விழுந்திருந்தது. கால் பொசுங்க வந்தவன் பாய்கிற இடம் அதுதான். நிழல் முழுக்க முட்செடி. செடிக்கு நடுவே மக்கிய பலகைகள் இரண்டு முறிந்து, ஒரு பள்ளம் வாய் திறந்திருந்தது. அந்தக் காலத்து மழைநீர்த் தொட்டி என்றான் நிக்கோஸ்.

"அப்பா," என்று நன்முல்லை குனிந்து கத்தினாள்.

உள்ளேயிருந்து குழறலாக ஒரு குரல் வந்தது. "பில்லு எங்க... மெஷினை நிறுத்து... பேப்பர் சுத்துது..."

சிவகாசி அச்சகத்தில் இருப்பதாக நினைக்கிறார். சர்க்கரை இறங்கிவிட்டது. நிக்கோஸ் ஏணிக்காகக் கீழே போன் செய்தான். வர இருபது நிமிடம் ஆகும் என்றார்கள்.

"மாமா, வேட்டி," என்றாள் நன்முல்லை.

செல்லையா ஒரு நொடி தினகரைப் பார்த்தார். பிறகு எட்டு முழத்தையும் உருவி, முறுக்கி, ஒரு முனையை உடைந்த தூணில் கட்டி முடிச்சுப் போட்டார். கோடு போட்ட டிரவுசரோடு நின்றார். துணியில்லாத சிலைகளைக் கும்பிட்ட ஊரில் அது கௌரவமான உடைதான். நன்முல்லை வேட்டியைப் பிடித்து இறங்கினாள். பாதியில் துணி சரசரவென்று கிழியும் சத்தம் கேட்டது. செல்லையாவும் நிக்கோஸும் பாய்ந்து பிடித்தார்கள். தினகர் கைக்கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

அடியில் தனுஷ்கோடி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். சட்டை வேர்வையில் நனைந்து, கை உதறியது. மகளைப் பார்த்தார், அடையாளம் தெரியவில்லை. இத்தனை நேரம் இல்லாத பயம் அப்போதுதான் வந்தது. பையிலிருந்து தேன் புட்டியை எடுத்து, விரலில் தொட்டு அவர் நாக்கில் தடவினாள். விழுங்கினார். இன்னொரு விரல், இன்னொன்று. புட்டி பாதி காலியானபோது கை உதறுவது குறைந்தது. மகளின் முகத்தை உற்றுப் பார்த்தார்.

"முல்லை... இது அந்தச் சர்க்கரைப் பாகா?"

"ஆமாப்பா."

"இன்னும் கொஞ்சம் குடு."

அவள் அழுதுகொண்டே கொடுத்தாள்.

ஏணி வந்தது. தனுஷ்கோடி சிராய்ப்புகளோடும், பொசுங்கிய பாதங்களோடும், நிக்கோஸின் தோளைப் பிடித்துக்கொண்டு மலையிறங்கினார். தீவின் மருத்துவர் பார்த்துவிட்டு, எலும்பு முறியவில்லை, ஓர் இரவு தங்கட்டும் என்றார். கப்பல் சரியாக நாலு மணிக்குப் போயிற்று. தினகரும் அதில் போய்விட்டார். அவரை யாரும் தேடவில்லை.

சாயங்காலம் கட்டிலில் உட்கார்ந்து தனுஷ்கோடி அதே பாலாடைக்கட்டியைத் தின்றார். தட்டு காலியாகும்வரை குறை சொல்லவில்லை.

"ஏம்ப்பா, இடிஞ்ச சுவருக்கு எதுக்குச் செருப்பைக் கழட்டினீங்க?" என்று கேட்டாள் நன்முல்லை.

"யாரு கழட்டினா? வார் கடிச்சுச்சு," என்றார். தோற்றதை ஒப்புக்கொள்கிற பழக்கம் அவருக்கு இருந்ததே இல்லை.

மறு வருடக் காலண்டர் வந்தது. முருகன், லட்சுமி எல்லாம் வழக்கம்போல். ஆனால் ஜூலைத் தாளில் கூரையில்லாத ஒரு கோயில், ஏழு தூண்களோடு நின்றது. வாங்கிய கடைக்காரர்களுக்கு அது எந்த ஊர்க் கோயில் என்று தெரியவில்லை. படத்துக்குக் கீழே, தேதிகளுக்கு மேலே, பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது:

"மதிய வெயிலில் செருப்போடு வலம் வரலாம். தோஷமில்லை."