கழிச்ச கூறை

கடைக்காரி அந்தக் கூறைச் சேலையைக் கையால் தொடவில்லை. மற்றச் சேலைகளையெல்லாம் மடியில் போட்டு விரித்துக் காட்டியவள், அரக்குச் சிவப்பில் இருந்த இதை மட்டும் துணி அளக்கும் இரும்புக் கோலால் நெம்பியெடுத்துப் பாயில் தள்ளினாள். சுலோஜனா அதைக் கண்டாள். ஆர்த்திகா காணவில்லை. 'விலைக் கழிவு' என்று எழுதிய பலகையைப் பார்த்துவிட்டால் அவளுக்கு மற்றது ஒன்றும் கண்ணில் படாது.

கலியாணக் கூறை எடுப்பது மாப்பிள்ளை வீட்டாரின் வேலை. அவர்கள் வெளிநாட்டிலிருந்தபடியே 'பிடித்ததை நீயே எடு' என்று சொல்லிவிட்டார்கள். அதனால்தான் பள்ளிக்காலத்துத் தோழி சுலோஜனாவை ஸ்கூட்டியில் ஏற்றிக்கொண்டு குருக்கள்மடத்துக்கு வந்திருந்தாள் ஆர்த்திகா. வாவிக்கரை வீடொன்றின் முன்னறைதான் கடை. மழை இருட்டில் கரண்டும் போயிருந்தது. புதுத்துணியின் கஞ்சி வாசத்துக்கு அடியிலிருந்து வெட்டிய தேசிக்காயின் புளிப்பும் கருகிய சாம்பிராணியும் வாவிச் சேறும் கலந்த நாற்றம் எழுந்து வர, உள்ளறையில் யாரோ நகத்தால் பாயைப் பிறாண்டும் சத்தம் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தது.

"இது கழிச்ச சேல," என்றாள் கடைக்காரி.

"எவ்வளவு கழிச்சிரிக்கி அக்கா?"

"முழுக்கக் கழிச்சாச்சி. காசு வேணாம். ஆனா நீயே வாயால கேட்டு வாங்கணும் மகள்."

ஆர்த்திகா சிரித்தாள். "அப்ப தாங்க அக்கா. நான் எடுக்கன்."

உள்ளே பிறாண்டல் நின்றது.

சுலோஜனா கடைக்காரியின் கோலைப் பார்த்தாள். சித்தப்பாவுக்குப் பேய் பிடித்தபோது பூசாரி வந்து கழிப்புக் கழித்தது ஞாபகத்துக்கு வந்தது. பூசணிக்காய், தேசிக்காய், அவர் இடுப்பில் உடுத்தியிருந்த சாரம், எல்லாவற்றையும் கட்டி வாவியில் விட்டார்கள். கழித்த பொருளை எவரும் எடுக்கக்கூடாது. எடுத்தால், கழித்தது எடுத்தவரோடு போகும்.

"ஆர்த்திகா, வா போவம். இது கழிவு இல்லகா, கழிப்பு! ஆரையோ பிடிச்சதக் கழிச்ச துணி."

"உனக்கு எரியிதா?" ஆர்த்திகா சேலையை மார்போடு அணைத்திருந்தாள். இப்படியொரு குரலில் அவள் பேசிச் சுலோஜனா கேட்டதில்லை. "ரெண்டு தரம் கலியாணம் குழம்பினவள் நீ. என்ட கூறையில கண் வைக்காத."

சுலோஜனாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஆர்த்திகா திரும்பியும் பார்க்காமல், மூலையில் உடை மாற்றத் தொங்கவிட்டிருந்த திரைக்குப் பின்னால் போய்விட்டாள். ஓடிப்போய்ச் சேலையைப் பிடுங்க வேண்டும் என்று சுலோஜனா நினைத்தாள். நடுவில் கடைக்காரி நின்றாள்.

"திருப்பி எடுங்க," என்றாள் கடைக்காரியிடம். "அவளுக்கு வாற மாசம் கலியாணம். பாவம்."

"என்ட மகளுக்கும் கலியாணம்தான் வெச்சிருந்த. எங்களுக்கு ஆர் பாவம் பாத்த?" கடைக்காரி கோலைக் குறுக்கே நீட்டி வழியை மறித்தாள். "அவள் கேட்டு வாங்கிட்டாள். இனி அவளுக்குத்தான்."

உள்ளறைக் கதவு திறந்தது. எலும்பும் தோலுமாக ஒரு பெண் வெளியே வந்தாள். இரண்டு மணிக்கட்டிலும் கயிறு அறுத்த காயம்.

"அம்மா, பசிக்கிது," என்றாள், நல்ல தெளிவாக.

கோல் தரையில் விழுந்தது. கடைக்காரி மகளைக் கட்டிப்பிடித்துக் கதறினாள். அந்தச் சந்தோஷத்தைப் பார்க்கச் சுலோஜனாவுக்கு வெறுப்பாக இருந்தது.

திரைக்குப் பின்னால் சேலை சரசரத்தது.

"இறுக்காத சுலோ," என்றது ஆர்த்திகாவின் குரல். கோபம் போயிருந்தது. "மெதுவாக் கட்டுகா."

சுலோஜனா வாசலோரம் நின்றாள். திரைக்கு வெகு தூரத்தில்.

"உன்ட கை என்ன இப்பிடிக் குளிருது?"

சுலோஜனா திரையை நோக்கி நடந்தாள். ஓரடி. இன்னும் ஓரடி. சேற்று நாற்றம். திரை நனைந்திருந்தது. இழுத்தாள்.

ஆர்த்திகா கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு, கொண்டையை இரண்டு கைகளாலும் தூக்கிப் பிடித்திருந்தாள். கீழே, சேலைக்குள்ளிருந்து நீண்ட ஈரக் கையொன்று கொய்யகத்தை மடிப்பு மடிப்பாக எடுத்து, அவள் இடுப்பில் செருகிக்கொண்டிருந்தது.